உள்பக்கத் தாழ்ப்பாள்

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம். அம்மாவின் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் அடம்பிடிக்கிறது. நாக்கு மட்டும் நல்ல ஆரோக்கியத்தில் இருக்கிறது. உன் உடம்பு எப்படி? இருமல் விட்டதா?

நீ கேட்ட தாழ்ப்பாளை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எங்கள் பேருந்துப் பணிமனையில் பழைய வண்டி ஒன்றிலிருந்து கழற்றியது. யானை முட்டினாலும் அசையாது. ஆனால் மாவு மூட்டை அடுக்கிய அறைக்கு உள்பக்கம் போடுகிற தாழ்ப்பாள் எதற்குடா? திருடன் வெளியிலிருந்துதானே வருவான்? முகாமுக்கே சமைத்துப் போடுகிறவனுக்கு இந்தச் சின்ன விஷயம் தெரியவில்லையே என்று அம்மாவிடம் சொல்லிச் சிரித்தேன்.

இனி முக்கியமான சேதி. அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். நான் படையை விட்டு வந்தது முதுகுவலியால் இல்லை, என் மேலதிகாரி என்னைப் பலாத்காரம் செய்ததால் என்று இத்தனை நாளும் உனக்கு மட்டும்தானே தெரியும். அம்மா அடுப்பை அணைத்தாள். பிறகு, "தப்புப் பண்ணவன் நிமிந்து நடக்குறான். நீ எதுக்குடி முதுகுவலின்னு சொல்லிக் குனிஞ்சு நடந்த?" என்றாள். அழுதாள்தான். ஆனால் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் அழுதாள்.

ஜூன் கடைசியில் நகர மன்றத்தில் முன்னாள் படையினர் சங்கம் ஒரு கூட்டம் நடத்துகிறது. படைக்குள் நடக்கிற இந்தக் கொடுமை ஊருக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. இதுவரை எல்லாரும் முகத்தை மறைத்துத்தான் பேசியிருக்கிறார்கள். முகத்தைக் காட்டிப் பேசப் போகிறவள் நான். நீ விடுப்பு எடுத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நிற்க வேண்டும். சீருடை போட்ட தம்பி கூட நின்றால், இவள் படைக்கு எதிரி என்று ஒருத்தனும் வாய் திறக்க முடியாது. எனக்கு வேறு எந்தப் பலமும் வேண்டாம்.

உங்கள் முகாமில் கடிதங்களைப் பிரித்துப் படித்த பிறகுதான் கொடுப்பார்கள் என்று தெரியும். நீங்கள் எல்லாரும் 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருக்கும் அந்த அதிகாரிக்கும் என் வணக்கம். ஐயா, உறையைக் கிழிக்காமல் பிரியுங்கள்.

உன் பதிலை எதிர்பார்க்கும்,
அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே நான் நலமாக இருக்கிறேன். அம்மாவின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தாழ்ப்பாள் வந்தது. நல்ல தாழ்ப்பாள். அன்றைக்கே பொருத்திவிட்டேன். இப்போது மாவு அறையிலேயே படுத்துக்கொள்கிறேன். மூட்டைகளுக்கு நடுவே கதகதப்பாக இருக்கிறது. கூடாரத்தில் குளிர் அதிகம்.

பூதக்கண்ணாடி என்று அவருக்கே எழுதி வைத்துவிட்டாயே, என் தலை தப்பியது தம்பிரான் புண்ணியம். அந்தக் கடிதத்தை வாங்கும்போது எனக்குக் காது வரை சூடு ஏறியது. நாங்கள் எழுதுவதையும் ஒட்டாமல்தான் கொடுக்க வேண்டும், நினைவிருக்கட்டும்.

புதிய அடுப்பு வந்திருக்கிறது. பெரிய அடுப்பு. சமையல்கூடத்துக்குப் பொறுப்பான சார்ஜன்ட், இந்த வருடம் எனக்குப் பதவி உயர்வுக்குப் பரிந்துரை செய்வதாகச் சொல்கிறார். அவரை எல்லாரும் நல்ல மனிதர் என்று சொல்கிறார்கள்.

கூட்டம் பற்றி எழுதியிருந்தாய். ஜூனில் விடுப்புக் கிடைப்பது கஷ்டம்.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் உன் புதிய அடுப்பும் நலமா?

அக்கா வாழ்க்கையைப் பற்றி எழுதினால் தம்பி அடுப்பைப் பற்றி எழுதுகிறான். சரி, உனக்கு மறந்திருக்கும், மறுபடி சொல்கிறேன். பூதக்கண்ணாடி ஐயாவும் கேட்கட்டும். நான் படை வண்டிகளைப் பழுது பார்த்தவள். என்னைக் கெடுத்தவன் எனக்கு வேலை சொல்கிறவன். புகார் கொடுக்கப் போனால் வாங்குகிறவர் அவனோடு ஒரே மேசையில் டீ குடிக்கிறவர். "இதெல்லாம் வெளிய போனா படைக்கு மானக்கேடு இல்லையாம்மா?" என்று கேட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்து, அந்தச் சோற்றையும் என்னையே தின்னச் சொன்னார்கள். வேலியே பயிரை மேய்ந்த கதை, பயிரைத்தான் விசாரித்தார்கள்.

இப்போது ஒன்றும் பயமில்லை. பணிமனை மேலாளரிடம் பேசி, ஓடுகிற பேருந்துகளில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஓர் அட்டை தொங்கவிட அனுமதி வாங்கியிருக்கிறேன். ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். 'படையில் பணியாற்றிய பெண்ணே, உனக்கு நேர்ந்ததற்கு நீ காரணமில்லை. பேசு, கேட்க ஆள் இருக்கிறது.' கீழே சங்கத்தின் தொலைபேசி எண். வாசகம் என்னுடையது. எழுத்துப்பிழை பார்த்தது அம்மா. முதல் வாரமே தொலைபேசி அடிக்க ஆரம்பித்துவிட்டது.

விடுப்பு கஷ்டம் என்றால் கேட்டுப் பார்த்தாயா, கேட்காமலே கஷ்டமா?

அன்புடன்,
அக்கா


மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம்தானே.

பதில் தாமதமாகிவிட்டது. இரவுக் காவலுக்கு ஆள் இல்லையென்றால் நானே பெயர் கொடுத்துவிடுகிறேன். பகலில் சமையல். அதனால் நேரமில்லை.

அட்டை நன்றாக இருக்கிறது. பெண்களுக்கு மட்டும்தானா?

தம்பி


ஏப்ரல் 6

அன்புள்ள தம்பி,

உடம்பைப் பார்த்துக்கொள். இரவெல்லாம் காவல் நின்று பகலெல்லாம் சமைத்தால் குழம்பில் விழுந்துவிடுவாய். அம்மா கவலைப்படுகிறாள்.

ஒன்றரை மாதம் காத்திருந்து, உறையைப் பிரித்தால் நான்கு வரி. அதில் ஒரு வரி குறை சொல்ல. பெண்களுக்கு மட்டும்தானா என்று கேள்வி! ஏன், ஆண்பிள்ளைகளுக்கு ஒதுக்கீடு வேண்டுமா? நீங்களும் ஒரு சங்கம் வையுங்கள், மீசை வைத்த அட்டையாக அடித்துத் தருகிறேன்.

விளையாட்டை விடு. எனக்கு ஆத்திரமாக இருக்கிறது, சொல்லிவிடுகிறேன். நீ என்னைப் பார்த்து வெட்கப்படுகிறாய். அக்கா பெயர் வெளியே வந்தால் பதவி உயர்வு போய்விடும் என்று பயப்படுகிறாய். அந்தச் சார்ஜன்ட் என்ன நினைப்பாரோ என்று பார்க்கிறாய். அம்மாகூட என் பக்கம் வந்துவிட்டாள். நீ வரவில்லை. வர மாட்டேன் என்றால் அதை ஒரு வரியில் எழுதிவிடு. உன்னை எதிர்பார்த்துக்கொண்டு மேடையேற நான் தயாராக இல்லை.

அக்கா


மே 18

என் கண்ணான தம்பிக்கு,

அம்மா நலம். நான் நலமில்லை, ஆனால் அது உடம்புக்கு இல்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

எங்கள் பணிமனையில் ஒரு நடத்துநர் இருக்கிறார். ஓய்வு பெறப் போகிற வயது, ஆறடி உயரம், கதவு சாத்துகிற சத்தத்தில் பேசுவார். சின்ன வயதில் படையில் இருந்தவர். போன வாரம் நான் ஒரு வண்டியின் அடியில் படுத்து வேலை பார்க்கும்போது அவருடைய காலணி மட்டும் என் தலைமாட்டில் வந்து நின்றது. ரொம்ப நேரம் அப்படியே நின்றது. பிறகு கேட்டார்.

"ஏம்மா, அந்த அட்டை... பொம்பளைங்களுக்கு மட்டும்தானா?"

நான் வெளியே வரப் போனேன். "வராதம்மா. நீ அங்கயே இரு. முகத்தப் பாத்தா சொல்ல வராது" என்றார். வண்டிக்கு அடியில் படுத்தபடியே கேட்டேன். அவருக்கு நடந்தபோது வயது இருபதாம். மனைவிக்குக்கூடத் தெரியாதாம். சொல்லி முடித்ததும், "சரிம்மா, வண்டி எடுக்கணும்" என்று போய்விட்டார். அன்றைக்கு மாலை அவருடைய பேருந்தில் போனவர்கள் சொன்னார்கள், மனிதர் விசிலடித்துக்கொண்டு டிக்கெட் கிழித்தாராம்.

வீட்டுக்கு வந்து உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நானும் படையிலிருந்த கடைசி மாதங்களில் கூடாரத்தில் படுக்கவில்லை, தம்பி. பழுதான லாரிக்குள் ஏறி உள்ளே பூட்டிக்கொண்டு படுத்தேன். இரவுக் காவலுக்கு நானே பெயர் கொடுத்தேன், கண் மூடாமல் இருக்கலாம் என்பதற்காக. உள்பக்கம் தாழ்ப்பாள் கேட்கிறவன் மாவைக் காப்பாற்றக் கேட்கவில்லை. இதைத் தெரிந்துகொள்ள உலகத்தில் ஒருத்தி இருந்தாள் என்றால் அது நான். நான்தான் சிரித்தேன். அப்புறம் மீசை வைத்த அட்டை என்று கேலி செய்தேன். என்னை மன்னித்துவிடு.

நான் எதுவும் கேட்கவில்லை. நீ எதுவும் எழுத வேண்டாம். கூட்டத்துக்கும் வர வேண்டாம், ஒரு கோபமும் இல்லை. நான் நினைப்பது தப்பாக இருந்தால் அக்காவுக்குப் பைத்தியம் என்று சிரித்துக்கொள். இல்லை என்றால் இது மட்டும் கேள்: உன் மேல் தப்பில்லை. உன் ஆண்மைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எத்தனை நாள் கழித்துச் சொன்னாலும் நான் நம்புவேன்.

பழைய அட்டைகளை எல்லா வண்டியிலிருந்தும் கழற்றிவிட்டேன். புதியது ஒன்று வைத்திருக்கிறேன். 'படையில் பணியாற்றிய யாராக இருந்தாலும்' என்று தொடங்குகிறது.

பூதக்கண்ணாடி ஐயா, உங்களுக்கு இன்று வணக்கத்தோடு ஒரு வேண்டுகோள். அச்சடித்த எதையும் எடுத்து வைத்துக்கொள்வது உங்கள் விதியாக இருக்கலாம். இந்த ஒரு அட்டையை மட்டும் என் தம்பி கையில் கொடுத்துவிடுங்கள்.

அக்கா


மே 29

அம்மையீர்,

வணக்கம். நீங்களும் உங்கள் தாயாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். தாயாரின் முழங்கால் தேவலையா?

முகாமுக்கு வரும் கடிதங்களைப் படிக்கும் அதிகாரி நான்தான். பதில் எழுதுவது என் வேலையில் சேர்ந்ததல்ல. இன்று எழுதுகிறேன். முதலில் ஒரு திருத்தம்: நான் 'ஐயா' இல்லை, பெண். பூதக்கண்ணாடி என்ற பெயர் எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

பிப்ரவரியில் நீங்கள் அனுப்பிய அட்டையை விதிப்படி எடுத்து வைத்திருக்க வேண்டும். படித்துவிட்டு உங்கள் தம்பியிடமே கொடுத்தேன். அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. அது போதாது என்று உங்கள் சென்ற கடிதத்தைப் படித்தபோது தெரிந்தது. புதிய அட்டையைப் பார்த்து இன்னொன்று எழுதி, அதை உணவுக்கூடத்துப் பலகையில் குத்தினேன். அரை நாளில் யாரோ கிழித்துவிட்டார்கள். மறுநாள் மீண்டும் எழுதி, முகாம் முத்திரையை அதன் மேல் அழுத்தி வைத்துக் குத்தினேன். முத்திரை வைத்த அறிவிப்பைக் கிழிப்பது தண்டனைக்குரிய குற்றம். அது இன்னும் அங்கேயே இருக்கிறது.

கீழே ஒரு வரி சேர்த்திருக்கிறேன். இத்தகைய புகாரை முகாம் தளபதியிடம்தான் கொடுக்க வேண்டும் என்பதில்லை. வெளியே உள்ள விசாரணை அலுவலகத்துக்கு நேரடியாக அனுப்பலாம். விதிப்புத்தகத்தில் எப்போதும் உள்ளதுதான். யாரும் யாருக்கும் சொல்வதில்லை. நானும் சொன்னதில்லை.

உங்கள் அட்டையை உரியவர் கையில் கொடுத்துவிட்டேன். அவரைப் பற்றி நான் ஒன்றும் எழுதலாகாது. எழுத வேண்டியது இருந்தால் அவரே எழுதுவார்.

தங்கள் உண்மையுள்ள,
பூதக்கண்ணாடி


ஜூன் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாக இருக்கிறேன் என்று இதுவரை எழுதியதெல்லாம் பொய். இன்று கொஞ்சம் நலம். நீயும் அம்மாவும் நலமா?

நீ நினைத்தது சரி. போன மழைக்காலத்தில் தொடங்கியது. செய்தது சார்ஜன்ட். ஒரு முறை இல்லை. உனக்கு அவன் செய்ததைத்தான் எனக்கும் இவன் செய்தான். ஆம்பளைக்கு இப்படி நடக்குமா என்று என்னையே கேட்டுக் கேட்டு, நடக்கவில்லை என்று நம்பப் பார்த்தேன். பரிந்துரை, பதவி உயர்வு எல்லாம் என் வாயை அடைக்க.

உன்னைப் பார்த்து நான் வெட்கப்படவில்லை, அக்கா. பொறாமைப்பட்டேன். நீ பேருந்தில் எழுதித் தொங்கவிடுகிறாய், என்னால் மூச்சுக்கூட விட முடியவில்லையே என்று. உன் ஏப்ரல் கடிதம் வந்த நாள் ரொம்ப மோசமான நாள். அதை மறைக்க மாட்டேன். மே கடிதம் வந்த பிறகு அதை மறந்துவிட்டேன்.

உணவுக்கூடத்துப் பலகையில் குத்தியிருந்த முதல் அட்டையைக் கிழித்தது அவன்தான். சாப்பாட்டு நேரத்தில், எல்லாரும் பார்க்க, "நம்மளையெல்லாம் கைக்குழந்தைன்னு நெனப்பு இவனுங்களுக்கு" என்று சொல்லிக் கிழித்தான். பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அக்கா. மறுநாள் முத்திரையோடு ஒன்று நின்றது. அதற்கு முன்னால் வந்தான், கையைத் தூக்கினான், முத்திரையைப் பார்த்தான், கையைப் பைக்குள் போட்டுக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. இவனுக்கும் பயம் உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சமையல் மேலங்கியைக்கூடக் கழற்றாமல் பூதக்கண்ணாடி அலுவலகத்துக்கு நடந்தேன்.

அவர் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டு நின்றுகொண்டார். "மெதுவாச் சொல்லுங்க. ஒண்ணும் அவசரம் இல்ல" என்றார். புகார் வெளி அலுவலகத்துக்குப் போய்விட்டது. சார்ஜன்டை வேறு முகாமுக்கு மாற்றி, காவலில் வைத்திருக்கிறார்கள். என்னையும் வேறு முகாமுக்கு மாற்றவா என்று கேட்டார்கள். நான் எதற்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

விடுப்புக் கிடைத்துவிட்டது. கூட்டத்துக்கு வருகிறேன். உன் பக்கத்தில் நிற்க மட்டும் இல்லை, எனக்கும் பேச வேண்டும். சங்கத்தாரிடம் கேட்டு வை.

அம்மாவிடம் நீ சொல்லாதே. நான் வந்து நானே சொல்கிறேன்.

உன் தம்பி


ஜூன் 17

என் ராஜாவுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன், படித்து முடித்தபோது உட்கார்ந்திருந்தேன். எப்போது உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை. அழுகை, ஆத்திரம், பெருமை எல்லாம் ஒன்றாக வந்தது.

நம்புகிறேன். இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும்.

சங்கத்தாரிடம் சொன்னேன். தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. நீ முதலில் பேசு, நான் பிறகு பேசுகிறேன். எனக்குப் பின்னால் வந்தால் கூட்டம் சாப்பிடக் கிளம்பிவிடும், என் பேச்சு அவ்வளவு நீளம். பேசும்போது கை நடுங்கும். நடுங்கினால் நடுங்கட்டும், அதற்காக நிறுத்தாதே. தண்ணீர் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னடி எழுதியிருக்கான்?" என்றாள். "வந்து சொல்வானாம்" என்றேன். "சரி, வரட்டும்" என்று உன் கட்டிலில் விரிப்பு மாற்றப் போய்விட்டாள். அவளுக்கு எவ்வளவு தெரியும் என்று நான் கேட்கவில்லை.

சீக்கிரம் வாடா.

அக்கா


ஜூலை 8

மதிப்புக்குரிய பூதக்கண்ணாடி அம்மாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் நலம். நீங்கள் நலமா? அம்மாவின் முழங்காலை நீங்கள் விசாரித்ததைப் படித்துக் காட்டினேன். "யாருடி அது, உன் தம்பியவிட நல்லா விசாரிக்குது" என்று கேட்டார்.

கூட்டத்துக்கு உங்களால் வர முடியாது என்று தம்பி சொன்னான். அதனால் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்த அன்றே தம்பி சமையலறையில் அம்மாவிடம் சொன்னான். நான் வெளியே நின்றேன். வெளியே வந்தபோது அவன் தலைமுடி கலைந்திருந்தது, சின்னப் பையனாக இருந்தபோது அம்மா தடவிக் கொடுப்பாரே, அந்த மாதிரி.

நகர மன்றத்தில் உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்றார்கள். எங்கள் பணிமனையிலிருந்து பாதிப்பேர் எண்ணெய்க் கறையோடு வந்திருந்தார்கள். அந்த உயரமான நடத்துநர் மனைவியை அழைத்து வந்திருந்தார். தம்பி சீருடையில் பேசினான். நடுங்கினான், நிறுத்தவில்லை. பிறகு நான் பேசினேன். முடித்ததும், பின்னால் இருந்து ஒருவர் எழுந்து, "நாட்டுக்காக உழைக்கிற படையோட பேரக் கெடுக்குறீங்களே, இது நியாயமா?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டார். மாடிப்படியே ஏற முடியாதவர் மேடைப்படி ஏறி வந்து, என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"எனக்கு ரெண்டே பிள்ளைங்க. ரெண்டு பேரையும் நான்தான் படைக்கு அனுப்பினேன். நானே வண்டியேத்தி விட்டேன். முழுசா அனுப்பினேன், ஐயா. முழுசா அனுப்பின பிள்ளைய ஏன் இப்படித் திருப்பி அனுப்புனீங்கன்னு பெத்தவ கேக்குறேன். இதுல பேரு எங்க கெட்டுச்சு? பேரக் கெடுத்தவன் மேடையில இல்ல."

கேள்வி கேட்டவர் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது அதே மனிதர் வாசலில் நின்று, தன் மகன் சென்ற மாதம்தான் சேர்ந்தான் என்று சொல்லி, ஓர் அட்டை கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

தம்பி அடுத்த வாரம் முகாமுக்குத் திரும்புகிறான். விசாரணைக்குத் தேதி வந்துவிட்டது. நானும் அவனோடு வருகிறேன். வெளியாட்கள் வர அனுமதி வேண்டுமாம், என் விண்ணப்பத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவும் வருகிறார். உனக்கும் அனுமதி கேட்டு எழுதவா அம்மா என்றேன்.

"கேக்குறதுக்கு என்னடி இருக்கு? வர்றேன்னு எழுது" என்றார்.

எழுதிவிட்டேன்.

இப்படிக்கு,
படை வண்டிகளைப் பழுது பார்த்தவள்